ஐஸ் எடுத்தால் தூக்கம்தானே வராது, அதில் என்ன ஆபத்து?

இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஐஸ் எடுக்கிறான், "ஹெராயின் மாதிரி இல்லை, தூக்கம் வராது, அவ்வளவுதான்" என்கிறான், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். மனநல வார்டில் தாதியாக வேலை பார்க்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐஸ் என்பது மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள். மூளையில் கிளர்ச்சி தரும் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கட்டுக்கடங்காமல் சுரக்க வைக்கும். பசி, களைப்பு எதுவும் தெரியாது. இதயமோ ஓய்வே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். இருபது வயதுப் பையனுக்கும் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். உடல் சூடு ஏறியே உயிர் போகலாம்.

அதைவிட எனக்குப் பயம், சந்தேகம் பிடிப்பதுதான். நாலைந்து நாள் தூங்காமல் வருபவர்களுக்குத் தாடை அரைத்துக்கொண்டே இருக்கும். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறதென்று கையெல்லாம் கீறிப் புண்ணாக்கியிருப்பார்கள். ஒரு பையன், எதிர் புளோக்கிலிருந்து வேவு பார்க்கிறார்கள் என்று ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டான். அம்மா போட்ட சோற்றில் விஷம் என்றான். அவர் அதே தட்டில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் கை வைப்பான். பெரும்பாலோருக்கு இது சில நாளில் தணியும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

அப்புறம், நிறுத்தியதும் நாள் முழுக்கத் தூங்குவான், எரிந்து விழுவான். சோம்பேறி என்று வீட்டில் திட்டுவார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடிய நேரம் அது, தனியே விடாதீர்கள். இந்தப் பழக்கத்தை முறிக்கத் தனி மருந்து எதுவும் கிடையாது. ஆலோசனை, தூக்கம், சாப்பாடு, கூட இருக்கும் ஆள், இவைதான். மூளை தேற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

போலீஸுக்குப் பயந்து மறைக்கிறீர்கள் என்று புரிகிறது. சிங்கப்பூரில் இதைப் புழங்கினால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் ஜொகூரில் எடுத்தாலும் குற்றம்தான். ஆனால் முன்பு சிக்காத ஒருவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிடம் தானாகவே போய்ச் சொன்னால், புழங்கியதற்காக வழக்குப் போடுவதில்லை. பல குடும்பங்களுக்கு இது பிடிபட்ட பிறகுதான் தெரியவருகிறது.

மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, எண் 6732 6837. தம்பி மறுத்தாலும் நீங்களே கூப்பிட்டுப் பேசலாம். நெஞ்சு வலி, வலிப்பு, உடம்பு கொதிப்பது என்றால் யோசிக்காமல் 995-க்கு அடியுங்கள், என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.