படம் தேடி விழாவுக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து எங்கள் ஊரில் திரைப்படக் கழகம் நடத்தி, மாதம் ஒரு படம் திரையிட்டு வருகிறோம். வரும் டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குச் சென்று, சில சுயாதீனப் படங்களை இங்கே கொண்டுவர எண்ணுகிறோம். எதைப் பார்ப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: காட்பாடியில் ரயில் ஏறினால் நேரே திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாம். 1996 முதல் நடந்துவரும் அந்த விழாவில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் படம் ஓடும். ஒருவர் நாளொன்றுக்கு நான்கு படம் பார்ப்பதே அதிகம். வெளிநாடுகளில் பெரிய விருது வாங்கிய படங்களின் உரிமை பெரும்பாலும் விற்பனை முகவர்களிடம் இருக்கும்; அவர்கள் கேட்கும் தொகை சிறிய கழகத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, முதல் படம் எடுத்து, தாமே உடன் வந்திருக்கும் மலையாள, தமிழ், கன்னட இயக்குநர்களின் படங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கோவாவில் 2007-இல் தொடங்கிய ஃபிலிம் பஜார் வாங்குவோரும் விற்போரும் கூடும் சந்தை; அதற்கு இப்போது அவசரமில்லை.

நான் முதல் தடவை விழாவுக்குப் போனபோது நாற்பது விசிட்டிங் கார்டுகளோடு திரும்பினேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எந்தக் கார்டு எந்தப் படத்துக்குரியது என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு படமும் வரவில்லை. அடுத்த ஆண்டு ஒரு படம் முடிந்ததும் இயக்குநரைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருக்க, வாசற்படியில் தனியாக நின்று கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தவரிடம், கிணற்றடிக் காட்சியில் ராட்டினத்தின் கிறீச்சொலி நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறதே, அது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டேன். அவர்தான் அப்படத்தின் ஒலிப்பதிவாளர். அரைமணி நேரம் பேசிவிட்டு, அவரே என்னை இயக்குநரிடம் அழைத்துப் போனார். படத்தை உண்மையிலேயே பார்த்தவர் கேட்கக்கூடிய ஒரு கேள்வியோடு போனால், பாராட்டு மொழிகள் தேவைப்படுவதில்லை.

பேச்சு கனிந்ததும், எந்த மாதம், எந்தக் கூடம், எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு தொகை தர முடியும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தொகை சிறியதாயினும் கூச்சம் வேண்டாம். விழாச் சுற்று முடியும்வரை படத்தை வெளியே தர இயலாது என்று பலர் சொல்வார்கள். அது தட்டிக்கழிப்பதன்று, பல விழாக்கள் முதல் திரையிடலையே கேட்பதால் அவர்களுக்குள்ள கட்டுப்பாடு. எப்போது கேட்கலாம் என்று மட்டும் விசாரியுங்கள். பார்ப்பதற்கென்று கடவுச்சொல்லோடு இணைப்பு அனுப்பினால், அது உங்கள் கண்ணுக்கு மட்டும். கழகத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த உறவு அன்றோடு அறுந்துபோகும்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், பேசிய காட்சியை நினைவூட்டி மின்னஞ்சல் எழுதுங்கள். திரையரங்குகளில் ஓட்டுவதற்கென்றே தயாரிக்கப்படும் டிசிபி என்ற டிஜிட்டல் வடிவம் உங்கள் புரொஜெக்டரில் ஓடாது என்பதால், சப்டைட்டில் சேர்ந்த சாதாரணக் கோப்பாகக் கேளுங்கள். பொதுத் திரையிடலுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாவுக்காகப் பெற்ற விலக்கு உங்கள் கூடத்துக்குச் செல்லாது. சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.