புள்ளி-சாய்வு வடிவில் நேர்கோடு வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: ஒய் − 2 = (3/4)(எக்ஸ் + 1) என்ற கோட்டை (1, 2) வழியாக வரைந்தேன். தவறாம். ஏன்?

பதில்: புள்ளி (−1, 2). புள்ளி (அ, ஆ) என்றால் புள்ளி-சாய்வு வடிவம் ஒய் − ஆ = சாய்வு × (எக்ஸ் − அ). இந்த வடிவத்திலேயே கழித்தல் குறி இருக்கிறது. எக்ஸ் + 1 என்றால் எக்ஸ் − (−1). குறியை மனப்பாடம் செய்யாதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்போது பூச்சியமாகும்? எக்ஸ் = −1. சமன்பாட்டின் இடப்பக்கம் எப்போது பூச்சியமாகும்? ஒய் = 2. அவ்வளவுதான்.

சாய்வு 3/4, அதாவது வலப்பக்கம் 4 போனால் மேலே 3 ஏற வேண்டும். அங்கிருந்து அப்படிப் போனால் (3, 5). இடப்பக்கம் 4, கீழே 3 போனால் (−5, −1). மூன்றையும் சேர்த்துக் கோடு போடுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். தொடக்கப் புள்ளியே தவறாக இருந்தாலும் அப்படித்தான் விழும். கோடு மொத்தமாக நகர்ந்திருக்கும். (3, 5)ஐச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 3, வலப்பக்கம் (3/4) × 4 = 3. இப்போது நம்பலாம்.

கேள்வி: சாய்வு −2/3 என்றால் இடப்பக்கம் 3, கீழே 2 போகலாமா?

பதில்: கூடாது. ஒரே கழித்தல் குறியை இரண்டு முறை செலவழிக்கிறீர்கள். கோடு மேல்நோக்கி ஏறிவிடும். வலப்பக்கம் 3, கீழே 2. அல்லது இடப்பக்கம் 3, மேலே 2.

கேள்வி: (2, 5), (6, −3) என இரு புள்ளிகள் தந்திருக்கிறார்கள். எதை வைத்துச் சமன்பாடு எழுதுவது?

பதில்: எதுவானாலும் சரி. சாய்வு (−3 − 5)/(6 − 2) = −2. முதல் புள்ளியை வைத்தால் ஒய் − 5 = −2(எக்ஸ் − 2), அடுத்ததை வைத்தால் ஒய் + 3 = −2(எக்ஸ் − 6). விரித்தால் இரண்டும் ஒய் = −2எக்ஸ் + 9. பலர் சறுக்குவது சாய்வில்தான்: மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே வரிசையை மாற்றிவிடுவார்கள். குறி தலைகீழாகிவிடும்.

கேள்வி: சாய்வு 0.4. கட்டங்களை எப்படி எண்ணுவது?

பதில்: 2/5 ஆக்குங்கள்: வலப்பக்கம் 5, மேலே 2. ஆனால் எண்ண வேண்டியது அச்சில் உள்ள மதிப்பை, கட்டத்தை அல்ல. ஒய் அச்சில் ஒரு கட்டம் 2 அலகு என்று அளவுத்திட்டம் வைத்திருந்தால், மேலே ஒரு கட்டம்தான் ஏற வேண்டும்.

கேள்வி: (3, 1), (3, 7) வழியே செல்லும் கோடு?

பதில்: சாய்வுப் பின்னத்தின் கீழ் எண் (பகுதி) 3 − 3 = பூச்சியம், எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை, இந்த வடிவம் உதவாது. எக்ஸ் = 3 என்று எழுதி, செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள்.