12 வருடம் ஆன கடல் தண்ணீர் ஹோஸ், வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது. படகில் அதை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிங்கப்பூரில் முப்பது அடிப் படகு, ஒற்றை டீசல் எஞ்சின், கடல் தண்ணீரை எஞ்சினுக்கு இழுக்கும் ஹோஸுக்கு வயது 12, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மாற்ற வேண்டுமா, மாற்றுவதென்றால் படகைக் கரையேற்றாமல் முடியுமா?

மாற்றுங்கள். அடுத்த தடவை லாசரஸ் தீவுக்கோ உபினுக்கோ கிளம்புவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். கரையேற்றாமலும் முடியும், அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் துவாஸில் கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டராகப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவன், இப்போது சின்னப் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறேன். "வெளியே நல்லா இருக்கு" என்ற பேச்சை இந்த ஹோஸ் விஷயத்தில் நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. காரணம் அதன் வேலையில் இருக்கிறது. படகின் அடியில் உள்ள ஓட்டை, அதன் மேல் வால்வு, அங்கிருந்து ஹோஸ், குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், மறுபடி ஹோஸ், அப்புறம் இம்பெல்லர் என்கிற ரப்பர் சுழலி உள்ள பம்ப். இதுவரைக்கும் பம்ப் உறிஞ்சுகிறது. பம்பைத் தாண்டினால் தள்ளுகிறது. தள்ளும் பக்கத்து ஹோஸ் பலவீனமானால் உப்பும், ஒழுகும், கண்ணில் பட்டுவிடும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் உள்பக்கமாகச் சுருங்கப் பார்க்கும். அது சுருங்கக் கூடாது என்பதற்காகத்தான் அதன் சுவருக்குள் சுருள் கம்பி வைத்துச் செய்கிறார்கள். அந்தக் கம்பி வெளி உருவத்தை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து தொங்கினாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இதை நான் நேரில் பார்த்தது ஒரு அண்ணனின் படகில். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய படகு, வார இறுதியில் தென் தீவுகள் பக்கம் குடும்பத்தோடு போவார்கள். ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, மெதுவாப் போனா ஒண்ணுமில்ல, வேகம் எடுத்தா சூடு ஏறி அலாரம் அடிக்குது. இம்பெல்லர் மாத்தியாச்சு, ஸ்ட்ரெய்னர் கழுவியாச்சு, கீழ ஆள் விட்டு, தண்ணி உள்ள வர்ற ஓட்டையோட கிரில்லைச் சுரண்டியாச்சு. இன்னும் என்ன?" நிமிடத்துக்கு 2,000 சுற்று வரைக்கும் சூடு காட்டும் முள் அசையவில்லை. 2,800 தாண்டினால் பத்து நிமிடத்தில் ஏறியது. எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதனால் முதலில் அதைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்புறம் ஸ்ட்ரெய்னருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளந்தேன். வளைவு இருந்த இடத்தில் உள் ரப்பர் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, தொண்டையில் உள்நாக்கு தொங்குகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த நாக்கு சுவரோடு ஒட்டிக் கிடக்கும், தண்ணீர் போகும். வேகம் கூடி உறிஞ்சும் பலம் கூடினால் எழும்பி வழியை அடைக்கும். கம்பி இருந்த இடத்தில் பழுப்புத் தூள்தான் இருந்தது, விரலால் தேய்த்தால் விரல் சிவந்தது. வெளிப்பக்கம் துணியால் துடைத்தால் கறுப்பு ரப்பர் புதுசு மாதிரி மின்னியது.

அந்த அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. போன வாரம்தான் குழந்தைகளோடு கப்பல் போகும் பாதையைக் கடந்து போய் வந்திருக்கிறார். நம் ஜலசந்தியில் எஞ்சின் நின்றால் நீரோட்டம் உங்களைச் சும்மா ஓரிடத்தில் விட்டுவைக்காது, கூப்பிடு தூரத்தில் பெரிய கப்பல் வந்துகொண்டிருக்கும்.

சூடு ஏறுவது ஒரு பயம். இன்னொன்று, இதே ஹோஸ் கழன்றாலோ கிழிந்தாலோ படகு மூழ்கும். ஒரு கணக்குப் போடுங்கள்: தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அடி கீழே ஒரு அங்குல ஓட்டை திறந்து கிடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே வரும். படகின் அடியில், அதாவது பில்ஜில், சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பில் 1,100 கேலன் என்று ஒட்டியிருப்பார்கள், அது ஒரு மணி நேரத்துக்கு, அமெரிக்க கேலனில். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 69 லிட்டர், அதுவும் மேலே ஏற்றித் தள்ள வேண்டிய உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் சொல்வது. அதாவது பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு மூழ்கும், பாட்டரி தீர்ந்தால் இன்னும் வேகமாக மூழ்கும்.

சரி, இப்போது அந்த நிபந்தனை. வால்வு முழுசாக மூடினால் மட்டும்தான் தண்ணீரில் வைத்து வேலை செய்யலாம். மூடுகிறதா என்பதைக் கைப்பிடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம்முடைய கடல் வருடம் முழுக்கச் சூடானது, 27 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், அதனால் கொட்டலசு ஓய்வே இல்லாமல் வளரும். படகின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு காலைக் கீறுமே, பார்னக்கிள் என்பார்களே, அதுதான். வால்வுக்குள் திரும்பி வழியை மூடும் உருண்டைக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தால் கைப்பிடி குறுக்கே திரும்பினாலும் தண்ணீர் நிற்காது.

சோதனை இப்படி: வால்வை மூடுங்கள், ஸ்ட்ரெய்னர் பக்கத்தில் ஹோஸைக் கழற்றுங்கள், அந்த முனையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருமாறு தாழ்த்தி ஒரு வாளிக்குள் விடுங்கள். ஹோஸில் தேங்கியிருந்தது வடியட்டும். அப்புறம் ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் வேலையைத் தொடரலாம். நூல் பிடித்த மாதிரி ஒழுகினால் முனையை மேலே தூக்கி மறுபடி மாட்டிவிட்டு, படகைக் கரையேற்றும் நாளுக்குக் காத்திருங்கள், வால்வையும் சேர்த்து மாற்றுங்கள். வெளியிலிருந்து முக்குளிப்பவரை விட்டு அடைத்துவிட்டு உள்ளே வால்வைக் கழற்றுகிறவர்கள் உண்டு, நான் அதைச் செய்வதில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை.

அவசரத்தில் ஓட்டையை அடைக்கக் கூம்பு மரக்கட்டை ஒன்று, உங்கள் வால்வின் அளவுக்கு, பக்கத்தில் சுத்தியலோடு இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அதை வால்விலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

வால்விலிருந்து ஹோஸைப் பிடுங்கும்போது தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வருட ரப்பர் உலோகத்தோடு ஒட்டிப் போயிருக்கும். அதை முறுக்கி ஆட்டி இழுத்தால் வால்வு இருக்கும் இடத்தில் படகின் உடம்புக்கே அடி விழும். இழுக்காதீர்கள், அறுத்துவிடுங்கள். கொக்கி பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடு, கம்பி குறுக்கே வரும் இடத்தில் கட்டரால் வெட்டு, அப்புறம் வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி விரித்து எடுத்துவிடலாம். பிளேடு உலோகத்தில் கோடு போட்டுவிடக் கூடாது, அந்தக் கோடு வழியாகத்தான் பின்னால் கசியும். ரொம்ப முறுக்கிக்கொண்டால் ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டலாம், உங்களுடையது டீசல் என்பதால் சொல்கிறேன், பெட்ரோல் படகில் அதை எடுக்கவே கூடாது, வெந்நீர்த் துணிதான்.

உலோகம் வெளியே தெரிந்ததும் அதன் நிறத்தைப் பாருங்கள். சுரண்டினால் மஞ்சள் கலந்த பழுப்பு வந்தால் வெண்கலம், நிம்மதி. ரோஸ் நிறத்தில் செம்பு மாதிரி வந்தால் அது பித்தளை, துத்தநாகம் கரைந்து போய்விட்டது, ஒருநாள் கையோடு உடைந்து வரும். அதற்குப் புது ஹோஸ் மாட்டுவதில் அர்த்தம் இல்லை.

புது ஹோஸ் வாங்கும்போது பழைய ஹோஸின் அளவை நம்பாதீர்கள், முன்னால் யாரோ தப்பான அளவைப் போட்டு, ஹோஸைச் சுற்றி நெரிக்கும் பட்டையான கிளாம்ப்பால் இறுக்கியிருக்கலாம். பம்பின் வாயையும் வால்வின் வாயையும், அதாவது ஹோஸ் மாட்டும் குழாய் முனைகளை, வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டு போங்கள். ஒரு அங்குலம் என்றால் 25.4 மில்லிமீட்டர், ஒன்றேகால் அங்குலம் 31.75, ஆகவே 32 என்று போட்டிருப்பது சரியாக இருக்கும். பம்பின் வாயை விடச் சின்ன அளவு எங்கேயும் வரக் கூடாது. கம்பி வைத்த, தடித்த சுவருள்ள படகு ஹோஸ்தான் வேண்டும். புகைப்போக்கிக்கான எஸ்.ஏ.இ. ஜே 2006 தரம் என்று அச்சடித்த கம்பி ஹோஸைத்தான் நான் இங்கேயும் போடுகிறேன், விலை கூடுதல், ஆனால் எஞ்சின் அறையின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்குகிறது. ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் உள்ளே கம்பியோடு கிடைக்கும், தண்ணீர் ஓடுவது தெரியுமே என்று ஆசையாக இருக்கும். தோட்டத்துக்கு நல்லது. எஞ்சின் பக்கத்துச் சூட்டில் அது இளகிவிடும், இளகினால் வாயிலிருந்து நழுவும். பில்ஜ் பம்புக்குப் போடுகிற மெல்லிய மடிப்பு மடிப்பான ஹோஸும் வேண்டாம்.

கிளாம்ப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. பட்டை, கூடு, திருகு மூன்றுமே 316 ஸ்டீலாக இருக்க வேண்டும். பல கிளாம்ப்பில் பட்டை மட்டும்தான் நல்ல ஸ்டீல், திருகு சாதாரணமானது. கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், திருகில் பலமாக ஒட்டினால் எடுக்காதீர்கள். பட்டையில் ஓட்டை ஓட்டையாக வெட்டியிருக்காமல் முழுப் பட்டையில் வரி மட்டும் அழுத்தியிருப்பது நல்லது, ஹோஸைக் கடிக்காது. பழைய கிளாம்ப்பைத் திரும்பப் போடவே வேண்டாம். திருகுக் கூட்டுக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்று படாமல் அந்த இடம் மட்டும் அரித்துப் போகும், மேலே பளபளப்பாகவே இருக்கும். அந்த அண்ணன் படகில் வால்வுப் பக்கத்துக் கிளாம்ப்பை நான் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டதுதான், பட்டென்று அறுந்து பில்ஜில் விழுந்தது. அந்த ஒரே கிளாம்ப்தான் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். ஆனால் வாய் குட்டையாக இருந்தால் இரண்டாவது கிளாம்ப் வெறும் ரப்பரைத்தான் நெரிக்கும், அப்போது நல்லதாக ஒன்று போதும், அல்லது வாயை நீளமானதாக மாற்றுங்கள்.

மாட்டுவது சுலபம். ஹோஸை நேராக வெட்டி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தடவி, அடிவரைக்கும் தள்ளுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். வெட்டிய முனையில் கம்பி எட்டிப் பார்க்கும், அங்கே தண்ணீர் ஏறித்தான் துரு ஹோஸ் முழுக்கப் பரவுகிறது, அதனால் மாட்டுவதற்கு முன் முனையில் சீலண்ட் பூசிக் காயவிடுவது என் பழக்கம். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும், அதற்கு ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். வளைவு கூர்மையாக வேண்டாம், பெல்ட்டிலும் புகைக்குழாயிலும் படவே கூடாது.

உங்கள் படகில் ஏர்கான் இருந்தால் அதன் கடல் தண்ணீர் ஹோஸையும் இதே நாளில் பாருங்கள். இங்கே வெயிலுக்கு ஏர்கான் படகுத் துறையில் கட்டிப் போட்டிருக்கும்போதும் ஓடும், அந்த வால்வு இரவு பகலாகத் திறந்தே இருக்கும், படகில் ஆளே இல்லாத நேரத்தில்கூட. எஞ்சின் ஹோஸை விட அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தப் பம்ப் பெரும்பாலும் தானாகத் தண்ணீரை மேலே இழுக்காத வகை, அதனால் வால்விலிருந்து பம்ப் வரைக்கும் ஹோஸ் ஒரே ஏற்றமாகப் போக வேண்டும், நடுவில் மேடு வந்தால் காற்று தங்கிவிடும், பம்ப் சும்மா சுற்றும்.

எல்லாம் மாட்டியதும் ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் நிரப்பி மூடுங்கள், வால்வைத் திறங்கள், ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வைத்துப் பாருங்கள், ஒரு துளி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். எஞ்சினைக் கிளப்பி உடனே பின்னால் போய்ப் பாருங்கள், புகையோடு தண்ணீர் அரை நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் கருகிவிடும். எஞ்சின் கிளம்பாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்க வேண்டி வந்தால் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், இல்லையென்றால் பம்ப் தள்ளும் தண்ணீர் புகைக்குழாயின் மஃப்ளரில் நிறைந்து எஞ்சினுக்குள்ளேயே திரும்பும். கிளம்பிய உடனே திறக்க மறக்காமல் இருக்க ஒருவரை வால்வுப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

முதல் தடவை நன்றாகச் சூடேறி ஓடி வந்த பிறகு கிளாம்ப் எல்லாம் கால் சுற்று, அரைச் சுற்று வாங்கும், இறுக்கிவிடுங்கள். மாட்டிய மாதமும் வருடமும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஹோஸ் மேலேயே எழுதிவிடுங்கள், நான் எட்டு வருடம் ஆனால் பார்க்காமலேயே மாற்றிவிடுகிறேன்.

கழற்றிய பழைய ஹோஸை உடனே குப்பையில் போட வேண்டாம். முழுசாகப் பிளந்து, உள்ளே உரிந்திருக்கும் இடம் எந்த வளைவு என்று பாருங்கள். புது ஹோஸை அதே வளைவில் கொண்டுபோகாதீர்கள். படம் எடுத்துப் போட்டால் வேறு எப்படிக் கொண்டுபோகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.