வெள்ளைக் குச்சிக்கு அப்பால் போன பந்து

கேள்வி: சென்ற வாரம் கிளப் கோல்ஃப் போட்டியில் நான் டீயிலிருந்து (ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடம்) அடித்த பந்து வலப்புறம் வளைந்து, மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சிகளைத் தாண்டிவிட்டது. அது எல்லையைக் கடந்த இடத்தருகே வேறு பந்தை டிராப் செய்து (கையிலிருந்து தரையில் விட்டு), ஒரு ஸ்ட்ரோக் (அடி) அபராதம் சேர்த்துக்கொண்டு ஆடினேன். உடன் ஆடியவர் அது செல்லாது என்றார். அவர் சொன்னது சரியா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் சொன்னதே சரி. நீங்கள் கையாண்டது குளம், ஓடை போன்றவற்றைக் குறிக்கச் சிவப்புக் குச்சி நட்ட பெனால்டி ஏரியாவுக்கு உரிய முறை. வெள்ளைக் குச்சிக்கு அப்பால் போன பந்துக்கும், 3 நிமிடம் தேடியும் கிடைக்காத பந்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஸ்ட்ரோக் அபராதத்துடன், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். மொத்த அடிகளை எண்ணி வெற்றியை முடிவுசெய்யும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் தவறான இடத்திலிருந்து இவ்வளவு தூரம் ஆதாயம் பெற்று ஆடியதை, அடுத்த குழிக்கான முதல் அடிக்கு முன் திருத்தாவிட்டால், போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள்.

இது கடுமையான விதிதான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் இதில் தளர்வு இல்லை. 2019ஆம் ஆண்டு ஓப்பன் போட்டி வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் நடந்தபோது, அந்த மண்ணின் மைந்தரும், 16 வயதிலேயே அங்கு 18 குழிகளையும் 61 அடிகளில் முடித்தவருமான ரோரி மெக்கில்ராய், முதல் குழியின் முதல் அடியையே இடப்புற எல்லைக்கு வெளியே அனுப்பினார். அடித்தது 1, அபராதம் 1; ஆகவே மறுபடி டீயில் நின்று அவர் அடித்தது மூன்றாவது அடி. நான்கு அடிகளில் முடிய வேண்டிய அந்தக் குழி 8இல் முடிந்தது. மறுநாள் ஆட்டத்தை 65 அடிகளில் முடித்தும், ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் இறுதி இரு நாள் ஆட்டத்துக்கான தகுதியை இழந்தார்.

நீங்கள் பழக வேண்டியது ப்ரொவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து கைவிட்டுப் போயிருந்தால் உதவட்டும் என்று தற்காலிகமாக அடித்துவைக்கும் பந்து. எல்லை தாண்டியிருக்குமோ, தொலைந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்ததும், உடன் ஆடுபவர் காதில் விழும்படி "ப்ரொவிஷனல் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது பந்தை அடியுங்கள். "இன்னொன்று அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படி அடித்தால், முதல் பந்து ஃபேர்வே (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆடுபாதை) ஓரத்தில் நன்றாகக் கிடந்தாலும் கணக்கில் வராது, இரண்டாவது பந்தே உங்கள் மூன்றாவது அடியாகிவிடும். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததால் நல்ல பந்தைக் கையில் எடுத்துப் பையில் போட நேர்வது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

கிளப் ஆட்டத்தின் வேகம் கருதி 2019 முதல் ஓர் உள்ளூர் விதிக்கும் இடமுண்டு: திரும்பிப் போகாமல், இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்துடன் ஃபேர்வே ஓரம்வரை வந்து டிராப் செய்யலாம். அடுத்தது நான்காவது அடி. டீக்குத் திரும்பி நல்ல மூன்றாவது அடி அடித்தவரும் அங்கிருந்து நான்காவதைத்தான் அடிப்பார் என்பதால் கணக்கு நியாயமானதே. ஆனால் போட்டிக் குழு அதை அறிவித்திருக்க வேண்டும். டிராப் எதுவானாலும் பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

கேள்வி: பந்தில் பாதி எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்தால்? வெள்ளைக் குச்சி இடித்தால் பிடுங்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: பந்து முழுவதும் வெளியே இருந்தால்தான் அது அவுட் ஆஃப் பவுண்ட்ஸ். வெள்ளைக் குச்சியைப் பிடுங்கக் கூடாது. மறந்து பிடுங்கிவிட்டால், அடிப்பதற்கு முன் பழையபடி நட்டுவிடுங்கள், அபராதம் இராது.