பிப்ரவரில பாஸ் பிடிக்க புளோரிடா வர்ற தம்பிக்கு

தம்பி, அட்லாண்டா வந்து எட்டு மாசம் ஆச்சு, பிப்ரவரி பிரசிடெண்ட்ஸ் டே லாங் வீக்கெண்டுக்கு மூணு பேரா கார்ல வந்து பாஸ் (ஏரில இருக்குற வேட்டை மீன்) பிடிக்கணும், எந்த ஏரிக்கு போறது, படகை நாமளே வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா, பிடிச்சதை குழம்பு வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் ஒர்லாண்டோ பக்கம் 14 வருஷமா இருக்கேன், அதுல பாதி சனிக்கிழமை ஏரிலதான் போச்சு, வீட்டுல கேட்டா முழுசும் போச்சுன்னு சொல்லுவாங்க.

நீங்க ஊர்ல விரால் பிடிச்சிருந்தா பாஸ் பாதி புரிஞ்ச மாதிரிதான். விரால் மாதிரியே பாசிக்குள்ள பதுங்கியிருந்து பக்கத்துல வர்றத லபக்குன்னு அடிக்கும், ரப்பர் தவளைக்கு ரெண்டுமே ஏமாறும். பிப்ரவரி, மார்ச்சுல நடு புளோரிடால பாஸ் முட்டை போட கரையோரம் ஆழமில்லாத தண்ணிக்கு வரும், அதனால நீங்க தேர்ந்தெடுத்த மாசம் சரியானதுதான், ஆனா ஒரு வில்லன் இருக்கு, கோல்ட் ஃப்ரண்ட். வடக்கேருந்து குளிர்காத்து இறங்கின மறுநாள் வானம் துடைச்சு விட்ட மாதிரி நீலமா இருக்கும், போட்டோ எடுக்க சூப்பரா இருக்கும், மீன் மட்டும் வாயே திறக்காது. எல்லாரும் எந்த ஏரின்னு மண்டைய உடைச்சுக்கிறாங்க, என்னைக் கேட்டா எந்த நாள்னுதான் முதல்ல பாக்கச் சொல்லுவேன், முடிஞ்சா லீவை முன்னப் பின்ன தள்ளி வெச்சுக்கோங்க.

ஏரின்னா ஓக்கிசோபிங்கிற பெரிய ஏரியோட பேருக்கு மயங்காதீங்க. அது 730 சதுர மைல், காத்தடிச்சா கடல் மாதிரி ஆயிடும், புதுசா வர்றவங்களுக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. கிஸ்ஸிம்மீல இருக்குற டோஹோ ஏரிக்கு வாங்க. அட்லாண்டாலேருந்து ஏழு மணி நேர டிரைவ், ஊரை ஒட்டியே தண்ணி, படகு கிடைக்கலைன்னா கூட லேக்ஃப்ரண்ட் பார்க்ல நின்னே தூண்டில் போடலாம். 2001 ஜனவரில டீன் ரோஹாஸ்ங்கிற பாஸ் போட்டி வீரர் ஒரு போட்டில ஒரே நாள்ல அஞ்சு மீன் சேர்த்து 45 பவுண்டு 2 அவுன்ஸ் பிடிச்சது இந்த ஏரிலதான். நமக்கு அப்படி கிடைக்கும்னு சொல்லல, சும்மா ஆசைக்கு சொன்னேன்.

படகு வாடகை இப்போதைக்கு வேண்டாம். 1988 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க 10 ஹார்ஸ்பவர் அல்லது அதுக்கு மேல இருக்குற படகை ஓட்டணும்னா போட்டிங் சேஃப்டி சர்டிபிகேட் வேணும், அதோட தெரியாத ஏரில பாசி ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிட்டா அரை நாள் காலி. மூணு பேரும் காசு போட்டு முதல் நாள் அரை நாளுக்கு, தன் படகுல மீன் பிடிக்க கூட்டிட்டுப் போற ஒரு கைடு எடுங்க, நானூறு டாலருக்கு மேல கேப்பாங்க, டிப்ஸ் தனி. இரையா போடுற ஷைனர்ங்கிற சின்ன உயிர் மீனுக்கும் தனியா காசு கேப்பாங்க, அதை முன்னாடியே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, மீன் பிடிக்கிற லைசென்ஸ். கடல்ல சார்ட்டர் படகுல (காசு வாங்கிட்டு மீன் பிடிக்க கூட்டிட்டுப் போற படகு) போனா அவங்க லைசென்ஸே நமக்கும் செல்லும், ஏரில அப்படி கிடையாது, ஆளாளுக்கு தனியா எடுக்கணும். நான் முதல் தடவை இது தெரியாம போயி, விடிகாலை படகுத்துறைல டார்ச் வெளிச்சத்துல போன்ல கார்டு நம்பர் அடிச்சுட்டு நின்னேன், கைடு எஞ்சினை ஆன் பண்ணிட்டு என்னையே பாத்துட்டு இருந்தார். வெளி மாநிலத்துக்காரங்களுக்கு மூணு நாளுக்கு 17 டாலர், ஆன்லைன்ல எடுத்தா சின்ன கட்டணம் சேரும்.

ஷைனர் போட்டா தக்கைய பாருங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே தக்கை நடுங்க ஆரம்பிக்கும், கீழ பெரிய மீன் வந்ததும் ஷைனருக்கு பயம் வந்து ஓடப் பாக்கும், அந்த நடுக்கம்தான் அது, அப்புறம் டபுக்குன்னு உள்ள போயிடும். அந்த நேரத்துல நம்ம ஊர்ல கெண்டைக்கு வெட்டி இழுக்குற மாதிரி இழுத்துடாதீங்க, தூண்டில் நரம்பு டைட்டாகுற வரைக்கும் சுத்திட்டு அப்புறம் தூக்குங்க. மேல வந்ததும் கீழ் உதட்டை கட்டை விரலால பிடிங்க, பல்லு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், நாள் முடிவுல விரல் தோல் உரிஞ்சிருந்தா அன்னைக்கு நல்ல வேட்டைன்னு அர்த்தம்.

குழம்பு விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 பாஸ் வரை வெச்சுக்கலாம், அதுல ஒண்ணே ஒண்ணுதான் 16 இன்ச்சோ அதுக்கு மேலயோ இருக்கலாம். ஆனா சட்டத்த விடுங்க, இங்க பெரிய மீனை வெட்டினா பக்கத்து படகுக்காரன் மூஞ்சி மாறிடும், பெருசெல்லாம் முட்டை போடுற பொட்டை மீன், எடை பாத்து போட்டோ எடுத்து விட்டுடுறதுதான் வழக்கம். 8 பவுண்டோ அதுக்கு மேலயோ வந்தா டிராபிகேட்ச்னு மாநிலத் திட்டம் இருக்கு, பதிவு பண்ணா பரிசு கூட தருவாங்க, ஆனா மீனை உயிரோட விட்டாத்தான். குழம்புக்கு கிராப்பிங்கிற மீனை பிடிங்க, டோஹோல நல்லாவே கிடைக்கும், புளி ஊத்தி வெச்சா பாஸை விட ருசி. ஜிலேபி கூட இங்க வெளியூர்லேருந்து வந்து பெருகிக் கிடக்கு, தூண்டில்ல மாட்டுறது மட்டும் கஷ்டம்.

மீனை கரைல வெச்சு சுத்தம் பண்ணிட்டு கழிவ தண்ணில வீசாதீங்க, முதலை வரும், முதலைக்கு தீனி போடுறது இங்க குத்தமும் கூட. அப்புறம் ஜாக்கெட் எடுத்துட்டு வாங்க. புளோரிடாதானேன்னு டி-ஷர்ட்டோட வந்து, விடிகாலைல ஐம்பது மைல் வேகத்துல போற பாஸ் படகுல பல்லு கிட்டிச்சுப் போயி, இரை மாட்டவே விரல் மடங்காம உக்காந்திருந்த ரெண்டு நண்பர்களை போன வருஷம்தான் கூட்டிட்டு போனேன்.