நெல்லி டீனை எவ்வளவு நம்பலாம்?
வணக்கம். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலில் கதைசொல்லிகளான லாக்வுட் (வாடகைக்குக் குடிவந்தவர்), நெல்லி டீன் (வீட்டுப் பணிப்பெண்) இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். லாக்வுட் எளிய புதிர். நாவலின் மையப் பாத்திரமும் தன் வீட்டு உரிமையாளருமான ஹீத்கிளிஃபைத் தன்னைப் போன்றவர் என்று முதல் சந்திப்பிலேயே தவறாகக் கணிப்பவர் அவர். சிக்கல் நெல்லியிடம்தான் இருக்கிறது. ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழுக்கு என்று அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த கேத்தரின் சொன்னதைக் கேட்டு அவன் எழுந்து வெளியேறுவதைப் பார்த்த நெல்லி, அதை அவளிடம் உடனே சொல்லவில்லை. பின்னாளில் கேத்தரின் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு பட்டினி கிடந்தபோதும், அதைப் பாசாங்கு என்று கருதி அவளுடைய கணவன் எட்கரிடம் தெரிவிக்காமல் இருந்தாள். இவற்றை நமக்குச் சொல்பவளும் அவளே. ஆகவே அவள் விவரிக்கும் நிகழ்வுகளை ஏற்றுக்கொண்டு, அவற்றுக்குக் கற்பிக்கும் காரணங்களையும் கேத்தரின் மீதான தீர்ப்புகளையும் (குழந்தைப் பருவம் கடந்தபின் அவளைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று நெல்லியே ஒப்புக்கொள்கிறாள்) மட்டும் ஐயத்துடன் அணுகுங்கள். அடுத்து, ஹீத்கிளிஃபை மணந்த எட்கரின் தங்கை இசபெல்லாவின் கடிதத்தைப் படியுங்கள். வுதரிங் ஹைட்ஸ் வீட்டுக்குள் வாழ்ந்த வேறொருத்தியின் குரல் அதில் நேரடியாகக் கேட்கிறது.