தங்கையின் கையெழுத்து பொங்கல் சீரில் சேராது

கேள்வி: எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம் 16 ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. அப்பா சம்பாதித்து வாங்கியது. 2014-ல் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான். அம்மா என்னோடு இருக்கிறார். இப்போது இரண்டு சோலார் கம்பெனிகள் 30 வருடக் குத்தகைக்குக் கேட்கின்றன. முதல் கம்பெனி ஏக்கருக்கு வருடம் 32,000 ரூபாய் தரும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டும், கையெழுத்துப் போட்ட அன்றே அட்வான்ஸ். இரண்டாவது கம்பெனி 28,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம். ஆனால் வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா, எல்லா வாரிசும் நேரில் வா என்று இழுத்தடிக்கிறார்கள். முதல் கம்பெனித் தரகர் பரவாயில்லை. தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டால் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். தங்கைக்கு 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. சாத்தூரில் கணக்கு டீச்சர். லீவு கிடைக்காது, பொங்கலுக்கு வரும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். பென்சில்வேனியாவில் இருக்கும் என் மச்சினன், அங்கே விவசாயிகள் எரிவாயு கம்பெனிகளுக்குக் குத்தகை விடுவதைப் பார்த்தவன். அட்வான்ஸ் அதிகம் தருபவனுக்கு விடு என்கிறான். நானும் தம்பியும் குழம்பிப்போயிருக்கிறோம். எந்தக் கம்பெனிக்கு விடலாம்?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. முதலில் காற்றாலைக்காரன் வந்தபோது வந்தது, நாற்கரச் சாலைக்கு நிலம் எடுத்தபோது வந்தது, இப்போது சோலாருக்கு வருகிறது. கம்பெனி பெயரும் தொகையும் மாறும். "தங்கச்சி கையெழுத்தை வாங்கிக்கலாம்" என்ற வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் அப்படியே இருக்கும்.

"பொங்கலுக்கு வரும்போது." நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த இரண்டு வார்த்தையை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவள் எதற்கு வருவாள்? பிறந்த வீட்டுப் பொங்கப்படி வாங்க வருவாள். நீங்கள் ஒரு சேலை, ரவிக்கைத் துணி, கரும்பு, மஞ்சள்குலை, வெல்லம் எல்லாம் வைப்பீர்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில், "ஒண்ணுமில்லம்மா, ஒரு சின்னக் கையெழுத்து" என்பீர்கள். அண்ணன் நீட்டும் பேப்பரை எந்தத் தங்கை நாலு பேர் முன்னால் உட்கார்ந்து படிப்பாள்? படித்தால் அண்ணனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் படிக்க மாட்டாள். அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் பொங்கலைத் தேர்ந்தெடுத்தீர்கள். நானும் ஒரு காலத்தில் வெற்றிலைத் தட்டோடு வந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்தான். பேனாவைக் கொடுத்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று தரகர் உங்களுக்குச் சொன்னாரா? குத்தகைக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பதல்ல அது. அந்தக் காட்டில் எனக்கு இனி ஒரு சென்ட்கூட இல்லை என்று எழுதிக் கொடுப்பது. 30 வருடம் கழித்துக் கம்பெனி காலி செய்து போன பிறகும் அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ அங்கே ஒன்றும் கிடையாது. குத்தகைக்கு அந்தப் பத்திரம் தேவையே இல்லை. நாலு வாரிசும் சேர்ந்து குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

நாலு என்று ஏன் சொல்கிறேன்? அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம், உயில் இல்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம பங்கு. இதில் ஆண் பெண் வித்தியாசம் அப்போதே இல்லை. பூர்வீகச் சொத்தில்தான் பெண்ணுக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற இழுபறி இருந்தது. அதிலும் தமிழ்நாடு 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்கு வழி திறந்தது, 2005-ல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் திறந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. உங்கள் காட்டுக்கு அந்த வாதமெல்லாம்கூட வேண்டாம். அம்மா, நீங்கள், தம்பி, தங்கை என்று ஆளுக்கு 4 ஏக்கர். கடிதம் முழுக்க "நானும் தம்பியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மாவின் 4 ஏக்கரையும் எங்கே போட்டீர்கள்? "என்னோடு இருக்கிறார்" என்ற வரிக்குள் அதுவும் அடங்கிவிட்டதா?

அப்புறம் அந்த 25 பவுன். போட்டது யார்? அப்பா உயிரோடு இருந்தபோது நடந்த கல்யாணம் என்றால் அது அவர் காசு. நீங்கள்தான் போட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அது அண்ணன் கடமை. கடமைக்கு ரசீது எழுதி வைத்திருந்து பிற்பாடு நிலத்தில் கழிப்பவன் அண்ணன் இல்லை, வட்டிக்கடைக்காரன். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது கம்பெனிக்கு விடுங்கள். எந்தக் காரணத்துக்காக அவர்கள்மேல் குறை சொன்னீர்களோ, அதே காரணத்துக்காகத்தான். உங்கள் தங்கை எங்கே என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சோலார் ஆலை கட்டுபவர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் கட்டுகிறார்கள். கடன் கொடுக்கும் வங்கி வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அலசும். ஒரு வாரிசு விட்டுப்போயிருந்தால் நாளைக்கு அவளோ அவள் மகனோ பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், தடையுத்தரவு கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நேரில் வா என்கிறார்கள். நீங்கள் அதை இழுத்தடிப்பு என்கிறீர்கள், நான் 30 வருடம் இருக்கப் போகிறவனின் கவனம் என்கிறேன். வாரிசைப் பற்றிக் கவலைப்படாத தரகருக்கு, குத்தகையை எழுதி வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டால் கமிஷனோடு வேலை முடிந்தது. வழக்கு வந்தால் கோர்ட் வாசலில் நிற்கப்போவது நீங்களும் உங்கள் தங்கையும்தான்.

காசுக் கணக்கிலும் இரண்டாவதுதான் மேல். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் கம்பெனியின் 32,000 ரூபாய் முப்பதாம் வருடத்தில் 40,800 ஆகும். இரண்டாவதன் 28,000 அதே வருடத்தில் 55,400 ஆகும். எட்டு வருடம் வரை முதல் கம்பெனி கொஞ்சம் கூடத் தரும், ஒன்பதாம் வருடத்தில் இரண்டாவது முந்திவிடும், அதற்குப் பிறகு பின்தங்காது. 30 வருடத்தையும் கூட்டினால் ஏக்கருக்கு 10 லட்சத்து 88 ஆயிரம் எங்கே, 12 லட்சத்து 8 ஆயிரம் எங்கே? 16 ஏக்கருக்கு 19 லட்சம் வித்தியாசம். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்தக் குத்தகையின் பின்பாதியில் சாப்பிடப் போவது உங்கள் பிள்ளைகள்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. தங்கையின் 4 ஏக்கருக்கு 30 வருடத்தில் வரும் வாடகை 48 லட்சம் ரூபாய். ஒரு சேலைக்கும் ரெண்டு கட்டுக் கரும்புக்கும் நீங்கள் கேட்க இருந்தது அதை. நிலம் தனி.

மச்சினனுக்கும் ஒரு வார்த்தை. அவர் இருக்கும் பென்சில்வேனியாவில் பூமிக்கடியில் இருக்கும் எரிவாயுவும் தனியார் சொத்தாக இருக்கலாம், அதைக் குத்தகைக்கும் விடலாம். நம் ஊரில் எரிவாயு எடுக்க உரிமம் தருவது அரசாங்கம், நாம் குத்தகைக்கு விடுவது மேல்மண்ணையும் அதில் விழும் வெயிலையும்தான். ஆனால் அங்கே நடந்தது நமக்கும் பாடம். விற்கும் எரிவாயுவில் எட்டில் ஒரு பங்காவது, அதாவது 12.5 சதவீதமாவது, நிலத்துக்காரருக்குத் தர வேண்டும் என்று 1979-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். எட்டில் ஒன்று கைக்கு வரும் என்று நம்பித்தான் பலர் கையெழுத்துப் போட்டார்கள். சுத்திகரிப்பு, குழாயில் கொண்டுபோகும் செலவு இதையெல்லாம் கழித்துவிட்டு மீதியில் எட்டில் ஒன்று தருவதும் சட்டப்படி சரிதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்புச் சொன்னது. செலவைக் கழிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்காதவர்களுக்கு வந்த காசு குறைந்தது. முதல் நாள் கிடைத்த அட்வான்ஸ் பெரிதாக இருந்து என்ன செய்ய?

அதனால் இரண்டாவது கம்பெனியின் பத்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். வாடகை எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று பாருங்கள். கையெழுத்துத் தேதியிலிருந்தா, மின்சாரம் உற்பத்தியாகும் தேதியிலிருந்தா? ஆலை வருவது தள்ளிப்போனால் நிலம் சும்மா கிடக்கும், நீங்கள் உளுந்தும் போட முடியாது. கம்பெனி தன் குத்தகை உரிமையை வங்கியில் அடகு வைத்தால் வைக்கட்டும், உங்கள் நில உரிமை அதில் சேரக் கூடாது. வேறு கம்பெனிக்குக் கைமாறினால் இதே நிபந்தனைகள் அவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும். 30 வருடம் முடிந்து கம்பியும் கான்கிரீட்டும் பிடுங்குவது யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் போகும் வண்டிப்பாதையும் மழைத்தண்ணீர் ஓடும் ஓடையும் வேலிக்குள் மாட்டக் கூடாது. அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் பத்திரத்தாளில் முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போடும்படி பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பேச்சே வேண்டாம்.

இன்னொரு விஷயம். பக்கத்தில் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் ஆலை அமைந்தது 2,500 ஏக்கரில். அந்தக் கணக்குக்கு உங்கள் 16 ஏக்கர் 4 மெகாவாட்டுக்குத்தான் காணும். ஆகவே கம்பெனி உங்களை மட்டும் கேட்கவில்லை, உங்களைச் சுற்றியுள்ள காட்டுக்காரர்களையும் கேட்டிருக்கும். அவர்களுக்கு என்ன விலை சொன்னது என்று விசாரித்து, சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

வாடகை நாலு பேருடைய வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாக வர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்கும்தான். இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வரிக்கு உட்பட்டது. நாலாகப் பிரிந்து வந்தால் அவரவர் கணக்கில் அவரவர் பங்கு மட்டும் சேரும், மொத்தமும் ஒருவர் தலையில் விழாது. நியாயமாக நடந்தால் இப்படிச் சில லாபமும் உண்டு.

பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதான். அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சாத்தூருக்குப் பஸ் ஏறுங்கள். இரண்டு கம்பெனியின் பேப்பரையும் எடுத்துப் போங்கள், பேனா வேண்டாம். வீட்டில் ஒரு கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே போட்ட கணக்கை அவளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.